லூர்து டீச்சருக்கு ஆகாத மாத்திரை

ஸ்ரீரங்கத்தில் பெண்பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் லூர்து மேரி விளையாட்டு டீச்சராகச் சேர்ந்தது 1952ஆம் வருஷம். அதுவரை அங்கே விளையாட்டு வகுப்பு என்றால், பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மிச்சமிருக்கும் வீட்டுக் கணக்கைப் போட்டு முடிக்கிற நேரம். லூர்து வந்த முதல் வாரமே அத்தனை பேரையும் வெயிலுக்குக் கிளப்பிவிட்டாள்.

"தாவணியை இடுப்புல இறுக்கிச் செருகுங்க. கொலுசு போட்டிருக்கிறவங்க கழட்டிப் பையில வையுங்க. அந்தத் தென்னைமரம் வரைக்கும் ஓடித் தொட்டுட்டு வரணும்."

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் குனிந்த தலை நிமிராமல் நடக்க வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். லூர்து புடவைத் தலைப்பை வரிந்து கட்டிக்கொண்டு தானே முதலில் ஓடினாள். பொன்மலை ரயில்வே குடியிருப்பில் அண்ணன் தம்பிகளோடு பந்து உதைத்து வளர்ந்த கால்கள் அவை. மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, மூச்சு கூட வாங்காமல் நின்று, "யாராவது என்னைத் தோற்கடிங்க பாப்போம்" என்றாள். அதற்குப் பிறகு பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துவதுதான் கஷ்டமாயிற்று.

சில வீடுகளிலிருந்து புகார் வந்தது. தலைமை ஆசிரியை கோமளவல்லி அம்மாள் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவர். மடிசார் கட்டி, நெற்றியில் ஸ்ரீசூர்ணத்தோடு பள்ளிக்கு வருபவர். புகார் சொல்ல வந்தவர்களை உட்காரவைத்து, "பொண்கொழந்தைகள் ஓடினா எந்த சாஸ்திரம் கெட்டுப்போறது? நாலு பேருக்கு முன்னாடி நிமிர்ந்து நிக்கட்டுமே" என்று சொல்லி அனுப்பினார். லூர்துவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளிக்கூடப் பியூன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

லூர்துவின் வீடு பாலக்கரையில். கணவன் இருதயநாதன் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். காலையில் அவன் சைக்கிளில் ஒரு பக்கம் போனால், இவள் டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டி மறுபக்கம் போவாள். முப்பது வயதை நெருங்கும் வரை டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

ஒரு மார்கழியில் பிடித்த ஜலதோஷம் அவளை விட்டுப் போகவில்லை. தை போயிற்று, மாசி போயிற்று, மூக்கடைப்பு மட்டும் அப்படியே இருந்தது. ஒரு நாள் இருதயநாதன் வேலை முடிந்து வந்தபோது வீடு முழுக்கப் புகை. அடுப்பில் பால் சுண்டிப் பாத்திரம் தீய்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து லூர்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தீயிற நாத்தம் தெருவுக்கே வருது. உனக்குத் தெரியலியா?"

லூர்து நிமிர்ந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. புகை கண்ணைக் கரித்தது, வாசனை மட்டும் வரவில்லை. மறுநாள் சாம்பிராணியை முகர்ந்து பார்த்தாள், மல்லிகையை முகர்ந்து பார்த்தாள். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

அடுத்த மழைக்காலத்தில் இரைப்பு வந்தது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். இருதயநாதன் அவளைச் சிங்காரத்தோப்புப் பக்கம் இருந்த டாக்டர் அப்துல் சலாமிடம் கூட்டிப்போனான். நெஞ்சு நோய்களைப் பார்ப்பதில் பேர் வாங்கியவர். அதிகம் பேசாதவர், ஆனால் நோயாளி பேசி முடிக்கும் வரை பேனாவை எடுக்க மாட்டார்.

"ஆஸ்துமாதான். பயப்பட வேணாம், மாத்திரை தர்றேன். சமாளிக்கலாம்" என்றார்.

"நான் ஓடலாமா டாக்டர்? அதுதான் என் வேலையே."

"மெதுவா ஆரம்பிச்சு ஓடுங்க. இரைச்சா உட்காந்துருங்க. உங்க மூச்சு என்ன சொல்லுதோ அதைக் கேளுங்க."

அவள் கேட்டாள். இரைக்கும் நாட்களில் விசிலோடு நின்றாள், இரைக்காத நாட்களில் ஓடினாள். பிள்ளைகளுக்குக் கூட அதிகம் தெரியவில்லை.

1956ஆம் வருஷம், பொங்கல் முடிந்து விளையாட்டு விழா. காலையிலிருந்தே வெயிலில் நின்று சுண்ணாம்புக் கோடு போட்டதில் லூர்துவுக்குத் தலை விண்விண் என்று தெறித்தது. சிறப்பு விருந்தினராக வந்திருந்த அரிசி ஆலை முதலாளி மேடையில் உட்கார்ந்திருந்தார். கோமளவல்லி அம்மாள் லூர்துவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏன் லூர்து, மூஞ்சி இப்படி வாடிக் கெடக்கு?"

"தலைவலிம்மா. வெயில்தான்."

"இந்தா, இதை ஒண்ணு போட்டுக்கோ. நானே வாரத்துல ரெண்டு மூணு தரம் போட்டுக்கறேன். அரை மணியில தலைவலி போன எடம் தெரியாது." கைப்பையிலிருந்து வெள்ளை மாத்திரையை எடுத்துக் கொடுத்து, கூஜாவிலிருந்து தண்ணீரும் ஊற்றித் தந்தார். லூர்து விழுங்கிவிட்டு மைதானத்துக்குத் திரும்பினாள்.

சாக்கு ஓட்டம் முடிந்தது. தொடர் ஓட்டத்துக்குப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டிருந்தபோது லூர்துவின் மூக்கிலிருந்து குழாய் திறந்ததுபோல நீர் கொட்ட ஆரம்பித்தது. கண் எரிந்தது. முகமும் கழுத்தும் சூடேறின. வெயில்தான் என்று தலைப்பால் துடைத்துக்கொண்டாள். அப்புறம் நெஞ்சு அடைத்தது. வழக்கமான இரைப்பு படி ஏறி வருவதுபோல மெல்ல மெல்ல வரும். இது அப்படி வரவில்லை. காற்றை உள்ளே இழுத்தாள், வெளியே விட முடியவில்லை. மறுபடி இழுக்க இடமும் இல்லை.

விசிலை எடுத்து வகுப்புத் தலைவியின் கையில் வைத்து, ஓட்டத்தை ஆரம்பிக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் ஓடவில்லை. டீச்சரின் உதடு நீலம் பாரிப்பதைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்கள். அரிசி ஆலை முதலாளியின் காரில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தோலுக்கடியில் ஒரு ஊசி போட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று வெளியே வழி கண்டுபிடித்தது. அவள் மடியில் கோமளவல்லி அம்மாளின் கை இருந்தது.

காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. மைதானத்துப் புழுதி என்றார்கள். ஓட்டம் என்றார்கள். இத்தனை பேர் பார்க்க நின்றதில் கண் பட்டுவிட்டது என்றார்கள். கோமளவல்லி அம்மாள் பயந்துபோயிருந்தார். "இனிமே நீ கிரவுண்டுப் பக்கமே போகப்படாது. தையல் வகுப்பு எடு. பெருமாள் உன்னைத் திருப்பிக் குடுத்துருக்கார், அதைக் காப்பாத்திக்கணும்" என்றார். அன்பில் சொன்னதை எப்படி மறுப்பது? லூர்து ஜன்னலோரம் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஓரம் மடித்துத் தைக்கக் கற்றுக்கொடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே அடுத்த வகுப்புப் பிள்ளைகள் மறுபடி வேப்பமரத்தடிக்குப் போயிருந்தார்கள்.

தைத்துக்கொண்டே யோசித்தாள். புழுதியா? அதைவிட மோசமான புழுதியில் நின்றிருக்கிறாள். ஓட்டமா? அன்றைக்கு அவள் ஓடவே இல்லை. கோட்டருகே நின்றுகொண்டுதானே இருந்தாள். அன்றைக்கு என்று புதிதாக நடந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்த மாத்திரை. ஆனால் சிறு வயதிலிருந்து காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் எத்தனையோ முறை போட்டதுதானே, அப்போதெல்லாம் ஒன்றும் செய்யவில்லையே என்றும் தோன்றியது.

இருதயநாதனிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை, ஆனால் நம்பவும் இல்லை. "மாத்திரையா? ஊரே போடுதே லூர்து. மூச்சை நிறுத்துற மாத்திரைய யாராவது பெட்டிக்கடையில தொங்கவிட்டு விப்பாங்களா?"

"எனக்கும் தெரியலீங்க. ஆனா இனிமே போட மாட்டேன்."

சில மாதம் கழித்துக் கடைவாய்ப் பல் வலித்தது. கன்னம் வீங்கிச் சோறு இறங்கவில்லை. அவள் படுகிற பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் இருதயநாதன் கடைக்குப் போனான். "மாத்திரை வேணாம், வேற எதாவது குடுங்க" என்று கேட்டு வாங்கினான். கடைக்காரர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். "இது பவுடருங்க. மாத்திரை இல்ல. பல்வலிக்கு நல்லாக் கேக்கும்."

பவுடர்தானே என்று லூர்து வெந்நீரில் கலக்கிக் குடித்தாள். முதலில் மூக்கு ஒழுகிற்று. அவளுக்குத் தெரிந்துவிட்டது. "வண்டி கூப்பிடுங்க" என்றாள். அதுதான் அவளால் பேச முடிந்த கடைசி வார்த்தை. இருதயநாதன் குதிரைவண்டியைப் பிடித்து, அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "சேசு மரி சூசையே" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே டாக்டர் வீட்டுக்குக் கொண்டுசேர்த்தான்.

அப்துல் சலாம் ஒரு ஊசியைத் தோலிலும், இன்னொன்றை நரம்பில் மெல்ல மெல்லவும் ஏற்றினார். மூச்சு திரும்பி, பேச்சு வந்ததும் லூர்து கேட்ட முதல் கேள்வி, "அப்ப மாத்திரை இல்லையா டாக்டர்?"

அவருக்குப் புரியவில்லை. "எந்த மாத்திரை?"

லூர்து விட்டு விட்டுச் சொன்னாள். விளையாட்டு விழா, கோமளவல்லி அம்மாள் கொடுத்த மாத்திரை, தான் சந்தேகப்பட்டது, இனித் தொடுவதில்லை என்று இருந்தது, இன்று குடித்தது மாத்திரையே இல்லை, வெறும் பவுடர். ஆகவே தான் நினைத்தது தப்பு. அப்படியானால் ஓட்டம்தான் காரணம்போல. சொல்லி முடிக்கும் வரை டாக்டர் குறுக்கிடவில்லை. பிறகு மாத்திரையின் பெயரையும் பவுடரின் பெயரையும் கேட்டார்.

"ரெண்டுலயும் இருக்கிறது ஆஸ்பிரின்தாம்மா. அது வில்லை, இது பொடி. பேரு வேற வேற, சரக்கு ஒண்ணு."

டார்ச் விளக்கை எடுத்து அவள் மூக்குக்குள் அடித்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். "வாசனை தெரியுதா உங்களுக்கு?"

"ரெண்டு வருஷமா இல்லீங்க டாக்டர்."

"மூக்குக்குள்ள ரெண்டு பக்கமும் சதை வளர்ந்திருக்கு, உரிச்ச திராட்சை மாதிரி. மூச்சிரைப்பு, மூக்குச் சதை, இந்த மருந்து ஒத்துக்காமப் போறது, இந்த மூணும் சேர்ந்து சிலபேருக்கு வரும்னு படிச்சிருக்கேன். நேர்ல பாக்குறது இதுதான் முதல் தடவை. முன்னாடியே உங்க மூக்கையும் பாத்திருக்கணும்."

"சின்னப்பிள்ளையில நிறையப் போட்டிருக்கேனே. அப்ப ஒண்ணும் பண்ணலியே."

"அப்ப ஒத்துக்கிச்சு. இப்ப ஒத்துக்கல. ஏன் இப்படி மாறுதுன்னு யாருக்கும் இன்னும் சரியாத் தெரியாது. ஆனா ஒண்ணு நிச்சயம். இனிமே அது உங்க வாய்க்குள்ள போகக் கூடாது. எந்தப் பேர்ல வந்தாலும் சரி. வலிக்குன்னு யாரு எதைக் குடுத்தாலும், உள்ள என்ன இருக்குன்னு கேக்காம வாங்காதீங்க."

லூர்து எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப ஓட்டத்தால இல்ல?"

"ஓட்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவள் அழுதுவிட்டாள். இருதயநாதன் பயம் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தான். பயம் இல்லை. மைதானம் திரும்பக் கிடைத்துவிட்டது.

கோமளவல்லி அம்மாளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய், டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"என் கையாலன்னா குடுத்தேன்" என்றார்.

"நீங்க பிரியமாக் குடுத்தீங்கம்மா. எனக்கு ஆகல, அவ்வளவுதான். உங்களுக்கு அது ஒத்துக்குது, நீங்க தாராளமாப் போட்டுக்கலாம். ஆனா எனக்கு என் கிளாஸைத் திருப்பிக் குடுத்துருங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, "தையல் வகுப்புல நீ சொல்லிக்குடுத்த ஓரம் ஒண்ணும் நன்னா இல்லேன்னு கொழந்தைகள் சொல்லிண்டிருந்தா. நாளைக்கே கிரவுண்டுக்குப் போ" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

வியாதி போய்விடவில்லை. மழைக்காலத்தில் இரைக்கும், மருந்தும் கூடவே இருக்கும். ஆனால் எது எதிரி என்று தெரிந்த பிறகு லூர்து அதோடு வாழப் பழகிக்கொண்டாள். அதில் பெரிய கஷ்டம் மனிதர்களின் அன்புதான். கல்யாண வீட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், யாராவது மாத்திரையோடு வந்துவிடுவார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். முதலில் விளக்கம் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனாள். அப்புறம், "எனக்கு அது விஷம்" என்று ஒரே வார்த்தையில் முடிக்கக் கற்றுக்கொண்டாள். பாலக்கரைத் தெருவில் அவளுக்கு மாத்திரைக்காரி என்று பேர் வந்தது. மாத்திரையே போடாதவளுக்கு அந்தப் பேர் வந்ததை நினைத்து அவளே சிரிப்பாள்.

மூக்குச் சதையை அறுவை செய்து எடுத்தபோது கொஞ்ச நாளைக்கு வாசனை திரும்பி வந்தது. பஸ்ஸில் போகும்போது காவிரியின் ஈர மணல் மணத்தது. ஸ்ரீரங்கத்து வீதியில் காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனைக்கு நின்றுவிட்டாள். சதை மறுபடி வளர்ந்தது, வாசனையும் போயிற்று. அதற்காக அவள் மூலையில் உட்காரவில்லை. "வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு, அதுவே போதும்" என்று இருதயநாதனிடம் சொன்னாள்.

1961இல் பிள்ளைகளுக்கு நீளம் தாண்டிக் காட்டும்போது கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவதற்கு முன்னால் நர்ஸ் வலிக்கு மாத்திரை கொண்டுவந்தாள்.

"இதுல ஆஸ்பிரின் இருக்காம்மா?"

"எல்லாருக்கும் குடுக்கிறதுதாங்க. போடுங்க, வலி குறையும்."

"எனக்கு ஆகாதும்மா. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துரு. அதுவரைக்கும் தாங்கிக்கிறேன்."

நர்ஸுக்கு அன்று வேலை மூச்சு முட்ட இருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போனாள், ஆனாலும் போய்க் கேட்டாள். திரும்பி வந்தபோது வேறு மருந்து கொண்டுவந்தாள். "நல்லவேளை கேட்டீங்க டீச்சர். இதுல அதுதான் இருந்துச்சாம்" என்றாள். அந்த மருந்து வேலை செய்ய நேரம் பிடித்தது. எலும்பை இழுத்து நேராக்கும்போது லூர்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த வருஷம் மாவட்டப் போட்டிக்கு ஓடிய பிள்ளைகளின் பெயரை வரிசையாக உரக்கச் சொன்னாள். கடைசிப் பெயர் வரும்போது கட்டு முடிந்திருந்தது.

அப்போதெல்லாம் ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் கூட்டம் நெரியும். ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து அங்கே ஒரு முதலுதவிப் பந்தல் போடுவார்கள். 1963இல் பந்தலுக்கு உதவியாக லூர்து தன் பிள்ளைகளை அழைத்துப்போனாள். வழுக்கி விழுந்தவர்களுக்குக் கட்டுப் போடுவது, காணாமல் போன குழந்தையை உட்காரவைத்துக்கொள்வது, தண்ணீர் கொடுப்பது இவை பிள்ளைகளின் வேலை. மருந்துக்குப் பொறுப்பு சேக் மைதீன் என்ற கம்பவுண்டர். நல்ல மனிதர், சம்பளம் வாங்காமல் வருஷா வருஷம் வருபவர். அவர் மேஜையில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய வெள்ளை மாத்திரை இருந்தது. தலைவலி என்று வருகிறவர் கையில் ஒன்றைப் போட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

லூர்து அந்த ஜாடியைப் பார்த்தாள். அது என்ன என்று கேட்டாள். ஆஸ்பிரின் என்றார் அவர்.

"பாய், குடுக்கிறதுக்கு முன்னாடி மூச்சிரைப்பு உண்டான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுக்க முடியுமா?"

தன் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். சேக் மைதீன் மரியாதையாகக் கேட்டார். "நீங்க சொல்றது நிசமா இருக்கும் டீச்சர். ஆனா கூட்டத்தைப் பாருங்க. ஒவ்வொருத்தரையும் நிறுத்திக் கேட்டா வரிசை மண்டபத்தைத் தாண்டிப் போயிரும்."

"நீங்க நிறுத்த வேணாம். நாங்க வரிசையில கேட்டு வைக்கிறோம்."

பிள்ளைகள் வரிசையோடு நடந்துகொண்டே கேட்டார்கள். "மூச்சிரைப்பு உண்டாங்க? மாத்திரை போட்டு முன்னாடி எப்பவாவது மூச்சு முட்டியிருக்காங்க?" சிலர் சிரித்தார்கள். சிலர், தலைவலிக்கு வந்தால் மூச்சைப் பற்றி ஏன் கேட்கிறீர்கள் என்று எரிந்து விழுந்தார்கள். காலை முழுக்க எல்லோரும் இல்லை, இல்லை என்றே சொன்னார்கள். பிள்ளைகளுக்கே அலுத்துவிட்டது. லூர்து தானும் வரிசையில் நின்று கேட்டாள்.

வெயில் ஏறிய பிறகு முசிறிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். பெயர் வீரமலை. வாழை போட்டிருக்கும் விவசாயி. கூட அவர் மனைவி காளியாயி, கையில் ஆற்றில் விடக் காதோலை கருகமணி வாங்கிய பொட்டலம்.

"மூச்சிரைப்பு உண்டாங்க?" என்று லூர்து கேட்டாள்.

"இருக்குதுங்கம்மா, பனிக்காலத்துல" என்றார் வீரமலை. "இப்ப இல்லீங்க. இப்பத் தலைவலிதான்."

"தலைவலி மாத்திரை போட்டு மூச்சு முட்டியிருக்கா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். காளியாயி அவரைப் பார்த்தாள். "ஏன், போன வருசம் சந்தைக்குப் போன அன்னிக்கு? தலைவலின்னு கடையில என்னமோ வாங்கிப் போட்டீங்கல்ல. பஸ்ஸுல வரும்போதே மூக்கும் கண்ணும் ஒழுகி, மூச்சே நின்னுருச்சே. கட்டில்ல வச்சில்ல ஊருக்குத் தூக்கிட்டு வந்தாங்க."

"அது பஸ்ஸுப் புகை."

"பஸ்ஸுல அதுக்கு முன்னாடியும் போயிருக்கீங்க, பின்னாடியும் போயிருக்கீங்க."

லூர்துவின் கை அவளையறியாமல் வீரமலையின் தோளைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே இழுத்தது. அவரை நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணியை நெற்றியில் போட்டு, மோர் கொடுக்கச் சொன்னாள். "வாசனை தெரியுதாங்க உங்களுக்கு?" என்று கேட்டபோது காளியாயிதான் பதில் சொன்னாள்: "குழம்பு ஊசிப்போனாக்கூடத் தெரியாதுங்க. நான் சொன்னாத்தான் உண்டு."

சேக் மைதீன் மேஜையை விட்டு எழுந்து வந்து நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கையில் வீரமலைக்கு என்று எடுத்த மாத்திரை இருந்தது. அதைத் திரும்பவும் ஜாடியில் போட்டுவிட்டு, "டீச்சர், இனி நானும் கேக்குறேன்" என்றார்.

லூர்து காளியாயியைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "இந்தப் பேரை மனசுல வச்சுக்கிட்டாப் போதும். ஆஸ்பிரின். எந்த டாக்டர், எந்தக் கடை வலிக்கு மருந்து குடுத்தாலும், இவருக்கு அது ஆகாதுன்னு முதல்ல சொல்லிருங்க."

"ஆசுபிரி."

"ஆஸ்பிரின்."

"ஆஸ்-பி-ரின்." காளியாயி உதட்டைக் குவித்து மறுபடி மறுபடி சொன்னாள். பக்கத்திலிருந்த பிள்ளைகளும் சேர்ந்து சொன்னார்கள். ஈரத்துணிக்கு அடியிலிருந்து வீரமலையும் சொன்னார். திருச்சிக்குப் போய் டாக்டர் அப்துல் சலாமை ஒருமுறை பார்க்கும்படி லூர்து வழி சொல்லி அனுப்பினாள். அவர்கள் போய்ப் பார்த்ததாக டாக்டரே பிறகு சொன்னார். "நீங்க சந்தேகப்பட்டது சரிதாம்மா. அவருக்கும் மூக்குல சதை இருக்கு" என்றார்.

அடுத்த ஆடிக்கு அவர்கள் மறுபடி வந்தார்கள். வீரமலையின் தோளில் ஒரு பூவன் வாழைத்தார். பந்தலைத் தேடி வந்து லூர்துவின் காலடியில் இறக்கிவைத்தார்.

"மாசியில காய்ச்சலுங்கம்மா. உள்ளூர் டாக்டர் ஊசி போட்டுட்டு மாத்திரை எடுத்தாரு. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள இவ சொல்லிட்டா."

"சொல்லாம? உங்களை நம்பினா ஆகுமா?" என்றாள் காளியாயி. "அந்த டாக்டரு அசந்துட்டாருங்க. எப்படிம்மா தெரியும்னாரு. அம்மா மண்டபத்துல ஒரு டீச்சர் சொல்லிக் குடுத்தாங்கன்னேன். உடனே வேற மருந்து குடுத்தாரு."

லூர்து குனிந்து தாரைத் தொட்டுப் பார்த்தாள். அன்று அவளுக்கும் லேசாக இரைத்துக்கொண்டிருந்தது. ஆற்றில் புதுவெள்ளம் படியை நனைத்துக்கொண்டு ஓடியது. வரிசையில் சேக் மைதீனின் குரல் கேட்டது. பிள்ளைகளை எதிர்பார்க்காமல் அவரே ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அந்தத் தாரிலிருந்து முதல் சீப்பைப் பிய்த்துக் காளியாயியின் கையில் ஒரு பழத்தைக் கொடுத்துவிட்டு, மீதியைப் பிள்ளைகளுக்குப் பங்கு போட ஆரம்பித்தாள்.